வி8 உடம்பு, வேன் இன்ஜின்: வண்டலூர் ஸ்டாண்டர்ட் 2000

மசில் காருக்கு ஒரு எளிய சூத்திரம் உண்டு. நடுத்தர அளவு காரை எடு, பெரிய காருக்குச் செய்த வி8 இன்ஜினை அதில் திணி. அவ்வளவுதான். 1964-ல் அமெரிக்காவின் பான்டியாக் கம்பெனி தன்னுடைய டெம்பெஸ்ட் காரில் 389 கன அங்குல இன்ஜினை வைத்து, ஜிடிஓ என்று பெயர் சூட்டி விற்றது. நம் கணக்கில் 6.4 லிட்டர். மசில் கார் என்ற வகை அங்கிருந்துதான் சூடு பிடித்தது என்று பொதுவாகச் சொல்வார்கள்.

இருபது வருஷம் கழித்து, நம்ம வண்டலூரில் இந்தச் சூத்திரத்தை அப்படியே திருப்பிப் போட்டார்கள். வி8-ஐ மனதில் வைத்து வரைந்த உடம்பை எடுத்து, அதற்குள் வேன் இன்ஜினை வைத்தார்கள். அதுதான் ஸ்டாண்டர்ட் 2000. 1985-ல் வந்தது, 1988-ல் முடிந்தது. தோற்ற கார் என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். ஆனா அது ஏன் அப்படிப் பிறந்தது என்று பார்த்தால்தான், இன்றைக்கு அதை மீட்டெடுக்க நினைப்பவர் எதை மீட்க வேண்டும் என்பது புரியும்.

ஒரு இன்ஜினின் பயணம்

முதலில் அந்த உடம்பு எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். 1961-ல் அமெரிக்காவின் ப்யூக் கம்பெனி 215 கன அங்குலத்தில், அதாவது 3.5 லிட்டரில், முழுக்க அலுமினியத்தால் ஒரு சின்ன வி8 செய்தது. எடை குறைவு. அதே ஜெனரல் மோட்டார்ஸ் குடும்பத்தைச் சேர்ந்த பான்டியாக் டெம்பெஸ்ட்டிலும் 1961, 62 மாடல்களில் இந்த இன்ஜினைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். ஜிடிஓவின் முன்னோடி டெம்பெஸ்ட் என்பதைக் கவனியுங்கள்.

1963 மாடலோடு ப்யூக் இந்த இன்ஜினைக் கைவிட்டது. இங்கிலாந்தின் ரோவர் நிறுவனத்தை நடத்திய வில்லியம் மார்ட்டின்-ஹர்ஸ்ட், அமெரிக்காவில் மெர்க்குரி மரைன் என்ற படகு இன்ஜின் கம்பெனிக்குப் போனபோது அங்கே இதைப் பார்த்தார். 1965-ல் உரிமை ரோவர் கைக்கு வந்தது. பிறகு அது பெரிய ரோவர் கார்களில் ஏறியது, 1970-ல் ரேஞ்ச் ரோவரில் ஏறியது, 1976-ல் ரோவர் எஸ்டி1 என்ற புதுக் காரின் இதயமானது. 3528 சிசி, 155 குதிரைத்திறன். டேவிட் பாஷ் வரைந்த உடம்பு. மூக்கைப் பார்த்தால் ஃபெராரி டேடோனாவின் ஜாடை தெரியும். 1977-ல் ஐரோப்பாவின் சிறந்த கார் விருது இதற்குத்தான் கிடைத்தது.

இந்த எஸ்டி1-தான் வண்டலூருக்கு வந்தது. வி8 மட்டும் வரவில்லை.

வண்டலூரின் பழக்கம்

ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியாவுக்கு வெளிநாட்டுக் காரை மாற்றிச் செய்வது புதுசில்லை, அதுதான் அதன் தொழிலே. 1961-ல் ட்ரையம்ஃப் ஹெரால்டை ஸ்டாண்டர்ட் ஹெரால்டு என்று கொண்டுவந்தார்கள். இங்கிலாந்தில் ஸ்டாண்டர்ட் என்ற பெயரே 1963-ல் கார்களிலிருந்து மறைந்துவிட்டது; இங்கே கால் நூற்றாண்டு கூடுதலாக வாழ்ந்தது. ஹெரால்டுக்கு இரண்டு கதவு போதவில்லை என்று நம்மவர்கள் சொன்னதும் வண்டலூரில் நான்கு கதவு வைத்தார்கள். இங்கிலாந்தில் நான்கு கதவு ஹெரால்டு விற்பனைக்கு வந்ததே இல்லை. 1972-ல் வந்த கஸலில் பின் அச்சையே மாற்றினார்கள். ஹெரால்டின் ஸ்விங் ஆக்ஸில் போய், ஒரே தண்டாக நிற்கும் சாதாரண அச்சு வந்தது.

ஆக, ஃபேக்டரியே ஒரு கஸ்டமைசேஷன் பட்டறை மாதிரிதான் இயங்கியது. அந்த வரிசையில் கடைசி வேலை 2000.

அப்போ வி8 ஏன் இல்லை? இங்கிலாந்திலேயே எஸ்டி1-க்கு ஆறு சிலிண்டர், நாலு சிலிண்டர் இன்ஜின்களும் உண்டு. அவை ஏன் இல்லை? எந்த இன்ஜினை வெளியிலிருந்து கொண்டுவந்தாலும் சுங்கம் கட்டணும், அரசாங்க அனுமதி வாங்கணும். ஆனா கம்பெனியின் ஸ்டாண்டர்ட் 20 வேனில் 1991 சிசி பெட்ரோல் இன்ஜின் ஒன்று ஏற்கெனவே உள்நாட்டிலேயே ஓடிக்கொண்டிருந்தது. அதற்குப் புதிதாக யாரிடமும் கையெழுத்து வேண்டியதில்லை. அதையே காரில் வைத்தார்கள். அதோடு வேனின் நாலு கியர் பெட்டியும் வந்தது, பின் அச்சின் பல் விகிதம் மாறியது, நம் சாலைக்காகச் சஸ்பென்ஷன் உயர்ந்தது. 83 குதிரைத்திறன்.

கணக்குப் போட்டால் வித்தியாசம் தெரியும். கார் சுமார் 1,300 கிலோ என்று வைத்துக்கொண்டால், வி8-ல் டன்னுக்கு 119 குதிரை, வண்டலூர் காரில் டன்னுக்கு 64. ஏறக்குறைய பாதி.

மூன்று கார், ஒரே நோய்

ஸ்டாண்டர்டை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. அதே காலத்தில் மூன்று இந்தியக் கம்பெனிகள் ஒரே வழியில்தான் போயின. ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1984-ல் கொண்டுவந்த கான்டெஸா, 1972-ன் வாக்ஸ்ஹால் விக்டர் உடம்பு. அதற்குள் அம்பாசடரின் 1489 சிசி இன்ஜின், சுமார் 50 குதிரை. இன்றைக்கு இந்தியாவின் மசில் கார் என்று இளைஞர்கள் தேடித்தேடி மாற்றிக் கட்டுவது இந்தக் காரைத்தான். ப்ரீமியர் 1985-ல் கொண்டுவந்த 118என்இ, பழைய ஃபியட் 124 உடம்பு.

பிறகு இவை பிரிந்தன. ப்ரீமியர் ஆரம்பத்திலேயே நிஸானின் 1171 சிசி இன்ஜினை வைத்தது. கான்டெஸா 1980-களின் பிற்பாதியில் இசுஸுவின் 1.8 லிட்டர் இன்ஜினுக்கு மாறியது, அதன் பலத்தில் 2002 வரை ஓடியது. அந்தப் பத்தாண்டில் மாருதி 800 நம் எதிர்பார்ப்பையே மாற்றிவிட்டிருந்தது. ஜப்பானிய இதயம் கிடைத்த கார்கள் பிழைத்தன. ஸ்டாண்டர்ட் 2000-க்கு அது கிடைக்கவில்லை.

போதாக்குறைக்கு எரிபொருள் சிக்கனக் கணக்கு சரியில்லை என்று கம்பெனி மீது குற்றச்சாட்டு எழுந்து, அரசு உற்பத்திக்குத் தடை போட்டது. பழிவாங்குகிறார்கள் என்று கம்பெனி தலைவர் வழக்குக்குப் போனார். 1988-ல் ஆலை நின்றது. 2000-களின் நடுவில் சொத்துகள் ஏலத்துக்கு வந்தன. மிச்சமிருந்த எஸ்டி1 பாகங்களில் பெரும்பகுதியை இங்கிலாந்தின் லிங்கன் பக்கம் இருக்கும் ரிம்மர் பிரதர்ஸ் என்ற உதிரிபாக வியாபாரிகள் வாங்கிப் போனார்கள். அதாவது வண்டலூர் கிடங்கில் கிடந்த சாமான், ரோவரை மீட்டெடுக்கும் ஆங்கிலேயர்களுக்குப் பயன்பட்டது. ஆலை இருந்த இடத்தில், பெருங்களத்தூர் ஜிஎஸ்டி சாலையில், இன்று ஐடி பூங்கா நிற்கிறது. என் தொழில் நண்பர்கள் பலர் தினமும் போய்வரும் கேட் அது.

வேன் இன்ஜினின் இன்னொரு முகம்

"வேன் இன்ஜின்" என்று நானும் மேலே எழுதிவிட்டேன். ஆனா அந்த இன்ஜினுக்கும் ஒரு வம்சம் இருக்கிறது.

அது 1947-ல் அறிமுகமான ஸ்டாண்டர்ட் வேன்கார்ட் காரின் இன்ஜின் குடும்பம். இதன் நெருங்கிய சொந்தம் ஃபெர்குசன் டிராக்டரில் உழுதது. இன்னொரு சொந்தம் 1953-ல் ட்ரையம்ஃப் டிஆர்2 ஸ்போர்ட்ஸ் காரில் ஏறியது. அதே 83 மி.மீ. போர், 92 மி.மீ. ஸ்ட்ரோக், அதே 1991 சிசி. இரட்டை எஸ்யூ கார்புரேட்டரோடு 90 குதிரை. 1953 மே மாதம் பெல்ஜியத்தின் ஜாபெக் சாலையில் காற்றைக் கிழிக்கும்படி மாற்றிய டிஆர்2 மணிக்கு 124 மைல் தொட்டது, கிட்டத்தட்ட 200 கி.மீ. அடுத்த வருஷம் பிரிட்டனின் ஆர்ஏசி ராலியை டிஆர்2 ஜெயித்தது. சிலிண்டர் ஹெட்டைச் சீர்செய்து 1957 வாக்கில் டிஆர்3-ல் இதே 1991 சிசியிலிருந்து 100 குதிரை எடுத்தார்கள்.

அப்படின்னா வண்டலூர் காரின் இன்ஜின் சோம்பேறி இல்லை. ஒரு டன்னுக்கும் குறைவான ஸ்போர்ட்ஸ் காரை இழுத்த இன்ஜினிடம் 1,300 கிலோவைக் கொடுத்து, ஒற்றைக் கார்புரேட்டரில் மூச்சுவிடச் சொன்னதுதான் தவறு.

எதை மீட்பது?

இதையெல்லாம் தோண்டியதற்குக் காரணம், ஆவடியில் ஒரு நண்பர் வீட்டில் தார்பாய்க்குள் நிற்கும் 2000. அவருடைய அப்பா வாங்கியது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் டிங்கரிங், பெயின்டிங் ஆரம்பித்துவிட்டது. இன்ஜின் விஷயத்தில்தான் வீட்டிலேயே மூன்று கட்சி. ஜப்பான் டீசல் இன்ஜின் போட்டால் தினமும் ஓட்டலாம் என்று ஒன்று. வெளியிலிருந்து ரோவர் வி8 வரவழைத்தால்தான் காருக்கு நியாயம் என்று இன்னொன்று. உள்ளதையே பிரித்துக் கட்டணும் என்று மூன்றாவது. நண்பர் என்னிடம் கேட்டது இதைத்தான்.

வி8 கட்சியின் வாதம் கேட்க நல்லாயிருக்கிறது: வரைந்தவர் நினைத்த காரை மீட்போம். ஆனா அந்தக் கார் இங்கிலாந்தில் நிறையவே இருக்கிறது. வண்டலூரில் செய்த கார் வேறு. உரிமம், சுங்கம், அனுமதி என்று ஒரு காலம் இந்தியத் தொழிலை எப்படி நடத்தியது என்பதற்கு அந்தத் தவறான இன்ஜின்தான் சாட்சி. அதைக் கழற்றினால் மிஞ்சுவது குறைபாடுள்ள ஒரு ரோவர் மட்டும்.

சட்டமும் இதே பக்கம்தான் சாய்கிறது. 1988 மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52-ன்படி தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து வண்டி மாறக்கூடாது. இதை உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் அழுத்திச் சொன்னது. இன்ஜின் மாற்றினால் ஆர்டிஓவிடம் போய் ஆர்சியில் பதிய வேண்டும். இன்னொன்றும் உண்டு. 2021 ஜூலையில் வந்த விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 வருஷம் தாண்டிய, சேஸி, உடம்பு, இன்ஜினில் பெரிய மாற்றம் செய்யாத வண்டிகள் வின்டேஜ் என்று தனிப் பதிவு பெறலாம். முதல் ஸ்டாண்டர்ட் 2000-களுக்கு அந்த வருஷம் 2035. ரொம்ப தூரம் இல்லை.

என்ன செய்யலாம்

மாற்றமே கூடாது என்று நான் சொல்லவில்லை. சென்னைக்கு அந்த ஞானம் பழசு. சோழவரம் ஓடுபாதையில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பந்தயம் நடத்திய காலத்தில் ஹெரால்டும் ஃபியட்டும் மாற்றிக் கட்டித்தான் ஓடின. அந்த வழியில், இன்ஜினின் சொந்த வம்சத்துக்குள் நின்று செய்யலாம் என்பது என் பதில்.

இந்த இன்ஜின் வெட் லைனர் வகை. சிலிண்டர் ஸ்லீவைச் சுற்றி நேரடியாகத் தண்ணீர் ஓடும். தேய்ந்தால் பிளாக்கைக் குடையாமல் லைனரை இழுத்துப் புதுசு இறக்கலாம். டிராக்டர், லாரி வேலை பார்த்த அம்பத்தூர் கைகளுக்கு இது தண்ணிபட்ட பாடு. கவனம் ஒரே இடத்தில்: இறக்கிய லைனர் பிளாக்கின் மேல்தளத்துக்கு மேலே 3 முதல் 5 தவு, அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் 3 முதல் 5 பாகம், துருத்தி நிற்க வேண்டும். குறைந்தால் ஹெட் கேஸ்கெட் பிடிக்காது. அடியில் எட்டு வடிவ கேஸ்கெட் தேய்ந்திருந்தால் தண்ணீர் ஆயிலில் கலக்கும்.

86 மி.மீ. லைனர் போட்டால் 2138 சிசி கிடைக்கும். டிஆர்4 காரில் ட்ரையம்ஃபே செய்தது அது. ஆசையாகத்தான் இருக்கும். ஆனா ஆர்சியில் 1991 என்று இருக்கும்போது அது பொய்யாகிவிடும். 83-லேயே நிற்பது நல்லது. இரட்டை எஸ்யூ கார்புரேட்டரைத் தனி மேனிஃபோல்டில் போல்ட் போட்டு ஏற்றலாம், பழைய மேனிஃபோல்டைத் துடைத்து எண்ணெய் தடவிப் பெட்டியில் வைக்கலாம். ஒரு மதியத்தில் பழையபடி திருப்பிவிட முடிகிற மாற்றம்தான் நல்ல மாற்றம். கிராங்க் மூன்றே மெயின் பேரிங்கில் நிற்கிறது, அதனால் அதிக ஆர்பிஎம்முக்கு ஆசைப்படக் கூடாது. டிஆர்3 போல 100 குதிரை வந்தால் அதுவே இருபது சதவீத லாபம்.

கண்ணுக்குத் தெரியாத இரண்டு மாற்றம் மட்டும் கட்டாயம். இந்த இன்ஜின் ஈயம் கலந்த பெட்ரோல் காலத்தது. 2000-லிருந்து ஈயம் இல்லை. எக்ஸாஸ்ட் வால்வ் சீட்டுகளைக் கடினப்படுத்திய இன்சர்ட்டாக மாற்றணும். இப்போது பங்க்கில் கிடைப்பது இ20. பழைய ரப்பர் ஹோஸ், பம்ப் டயஃப்ரம், கார்புரேட்டர் சீல் எல்லாவற்றையும் எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றணும். இதை விட்டுவிட்டுப் பளபளப்பாகப் பெயின்ட் அடித்தால், போனட்டுக்கு அடியில் தீ பிடிக்கத்தான் வழி.

நண்பர் மூன்றாவது கட்சிக்கு வந்துவிட்டார். இன்ஜின் இப்போது பிரித்த நிலையில் இருக்கிறது. பிளாக்கில் குத்திய எண்ணும் ஆர்சியில் உள்ள எண்ணும் ஒன்றுதான் என்று பார்த்தாயிற்று. உங்கள் ஊரில் எந்த வீட்டுக் கொட்டகையிலாவது 2000 ஒன்று நின்றால், விலை பேசுவதற்கு முன் அந்த இரண்டு எண்ணையும் பார்த்து எழுதி வையுங்கள். இரண்டும் பொருந்தினால் இன்ஜினை யாரும் கழற்றி எடைக்குப் போட விடாதீர்கள்.