ஜெனீவாவில் பிறந்த ஒரு சகோதரத்துவம்: கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தின் நம்பிக்கைகளும் மரபுகளும்

ஒய்.எம்.சி.ஏ. என்று நாம் அழைக்கும் கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தை ஜார்ஜ் வில்லியம்ஸ் 1844-இல் லண்டனில் தொடங்கினார். அதற்கு உலக அமைப்பு என்ற வடிவம் கிடைத்ததில் ஜெனீவாவுக்கு முதன்மையான பங்கு உண்டு. எந்தக் கோட்பாட்டின் மீது அது நின்றது, அந்தக் கோட்பாடு எவ்வளவு தூரம் தாங்கியது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

கால்வினின் நகரமான ஜெனீவாவில் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஓர் எழுப்புதல் இயக்கம் பரவியது. அதன் விளைவாக அரசு சார்ந்த திருச்சபையிலிருந்து சிலர் பிரிந்தனர். 1849-இல் தனித்த சுயாதீனத் திருச்சபையும் அமைந்தது. இந்தச் சூழலில் வளர்ந்தவர் ஹென்றி டியூனான்ட். வேதம் வாசிக்கவும் ஏழைகளுக்கு உதவவும் வியாழக்கிழமைதோறும் நண்பர்களைக் கூட்டிவந்த அவர், சிறைக்கைதிகளையும் போய்ப் பார்த்து வந்தார். 1852 நவம்பர் 30 அன்று ஜெனீவா சங்கம் உருவானது. மற்ற நாட்டுச் சங்கங்களுக்கு அவர் ஓயாமல் கடிதம் எழுதி, எல்லாரும் ஒன்றுகூட வேண்டும் என்று வற்புறுத்தினார்.

1855 ஆகஸ்டில் பாரிஸில் கூடிய மாநாடு ஏற்ற ‘பாரிஸ் அடிப்படை’ இயேசுவைக் கடவுளாகவும் மீட்பராகவும் ஏற்று, அவருடைய சீடராக வாழ விரும்பும் இளைஞர்களை இணைப்பதே நோக்கம் என்றது. மற்ற விஷயங்களில் எழும் கருத்து வேறுபாடு, அது எவ்வளவு முக்கியமானதானாலும், சங்கங்களுக்கிடையிலான உறவைக் குலைக்கக் கூடாது என்றும் சேர்த்தது. என் கணிப்பில் இந்த இரண்டாவது கூற்றுதான் சங்கத்தின் உயிர்நாடி. சபைப் பிளவை வீட்டுக்குள்ளேயே கண்ட தலைமுறைக்கு அதன் அருமை தெரிந்திருக்கும். அமெரிக்கச் சங்கங்களோ 1869-இல் போர்ட்லாண்டில், சுவிசேஷத் திருச்சபைகளைச் சேர்ந்தோருக்கே முழு உறுப்பினர் உரிமை என்று வரையறுத்தன.

1878-இல் இச்சங்கங்களின் உலகக் கூட்டமைப்புக்கான நிலையான குழு ஜெனீவாவில் அமைந்தது. 1881-இல் ஏற்கப்பட்ட சின்னத்தை உற்றுப் பார்த்தால் நம்பிக்கை முழுவதும் தெரியும்: கண்டங்களின் பெயர் தாங்கிய வட்டம், நடுவே கிறிஸ்துவின் கிரேக்க எழுத்துக் குறி, அதன்மேல் திறந்த வேதாகமம். அதில் குறித்திருப்பது யோவான் 17:21, எல்லாரும் ஒன்றாயிருக்க வேண்டும் என்ற இயேசுவின் ஜெபம். நவம்பரில் உலகெங்கும் அனுசரிக்கப்படும் ஜெப வாரமும் இந்த ஒருமைப்பாட்டு மரபைச் சேர்ந்ததுதான்.

ஆனால் அந்த ஜெபத்துக்குள் டியூனான்டுக்கே இடம் இல்லாமல் போன காலம் ஒன்று உண்டு. 1867-இல் அவருடைய வணிகம் நொடித்தது. அவர் தொடர்புடைய வங்கியும் வீழ்ந்தது. கடன்பட்டுத் தோற்றவனை ஜெனீவாவின் கடுமையான ஒழுக்கம் மன்னிக்கவில்லை. 1868-இல் சங்கமும் அவரை நீக்கியது. உபதேச வேறுபாட்டைப் பொறுத்துக்கொள்ளக் கற்ற சகோதரத்துவம், ஒரு சகோதரனின் தோல்வியைப் பொறுக்கவில்லை. இதை நான் சங்க வரலாற்றின் ஆறாத காயமாகவே பார்க்கிறேன். செஞ்சிலுவை இயக்கத்துக்கு வித்திட்ட அவர் 1901-இல் முதல் நோபல் அமைதிப் பரிசைப் பகிர்ந்துகொண்டபோதும், ஹைடன் என்ற மலைக்கிராமத்து மருத்துவமனையில்தான் வாழ்ந்தார். 1910-இல் அங்கேயே இறந்தார்.

இந்தியாவில் சகோதரத்துவத்தின் எல்லை வேறு வகையில் சோதிக்கப்பட்டது. டேவிட் மெக்கானகி 1890-இல் சென்னைச் சங்கத்தை நிறுவினார். கிறிஸ்தவர் சிறுபான்மையாக இருந்த நகரில் வாசகசாலையும் விளையாட்டும் இந்து, முஸ்லிம் இளைஞர்களையும் உள்ளே இழுத்தன. 1916-இல் சேலத்துக்காரரான கே.டி. பால் தேசியப் பொதுச் செயலாளர் பொறுப்பை ஏற்ற முதல் இந்தியரானார். உலக அளவிலும் இதே கேள்வி எழுந்தது: 1973-இல் உலகக் கூட்டமைப்பின் கம்பாலா மாநாடு, பாரிஸ் அடிப்படையை உறுதி செய்து, எல்லாருக்கும் சம வாய்ப்பும் நீதியும் வேண்டும் என்றது. சமயம், இனம், பால் பாராமல் எவரையும் சேர்க்கும் திறந்த உறுப்பினர் முறையையும் அது ஏற்றது.