குடியேற்ற ஆவணங்களும் காவல்துறைத் தணிக்கையும்: மதுரை வட்டாரம்

குடியேற்ற ஆவணத் தணிக்கை என்பது, ஒருவர் தாம் இருக்கும் நாட்டில் தங்குவதற்குரிய கடவுச்சீட்டு, விசா, பதிவுச் சான்று ஆகியவற்றை வைத்திருக்கிறாரா என்று அரசு அலுவலர்கள் சரிபார்க்கும் நடைமுறையாகும். மதுரை நகரிலும் அதைச் சூழ்ந்த சமவெளியிலும் இந்நடைமுறை பெரிதும் இலங்கைத் தமிழ் அகதிகளை மையமாகக் கொண்டு வளர்ந்தது. மதுரை மாவட்டத்தில் ஆனையூர், திருவாதவூர், திருமங்கலத்தை அடுத்த உச்சப்பட்டி ஆகிய இடங்களில் உள்ள முகாம்களில் பல பத்தாண்டுகளாகத் தொடரும் தணிக்கை பாதுகாப்புக்கு இன்றியமையாதது என்று ஒரு தரப்பும், அது மனிதரை என்றென்றைக்கும் ஐயத்துக்குரியவராக நிறுத்துகிறது என்று மறு தரப்பும் வாதிட்டு வருகின்றன.

சட்ட அடிப்படை

இந்தியா 1951ஆம் ஆண்டு ஐ.நா. அகதிகள் உடன்படிக்கையிலோ அதன் 1967ஆம் ஆண்டு நெறிமுறையிலோ கையெழுத்திடவில்லை. அகதிகளுக்கென்று தனிச்சட்டமும் இயற்றவில்லை. எனவே சுற்றுலாப் பயணியும் போருக்குத் தப்பி வந்தவரும் சட்டத்தின் பார்வையில் ஒருசேர ‘வெளிநாட்டவர்’ என்றே கொள்ளப்படுகின்றனர். 1946ஆம் ஆண்டின் வெளிநாட்டவர் சட்டம், இந்தியக் குடிமகன் அல்லாத எவரையும் வெளிநாட்டவர் என வரையறுத்ததோடு, தாம் வெளிநாட்டவர் அல்லர் என்று மெய்ப்பிக்கும் பொறுப்பை அதன் 9ஆம் பிரிவின் வழியே குற்றம் சாட்டப்பட்டவர்மீதே சுமத்தியது. பொதுவான குற்றவியல் வழக்குகளில் மெய்ப்பிக்கும் பொறுப்பு அரசைச் சார்ந்தது என்பதால், இப்பிரிவே விவாதத்தின் வேராக அமைந்தது.

வெளிநாட்டவர் தொடர்பான அதிகாரம் மத்திய அரசுக்கு உரியது. எனினும் அரசமைப்பின் 258(1)ஆம் உறுப்பின்கீழ் 1958இல் வெளியிடப்பட்ட அறிவிக்கை மூலம் அதன் ஒரு பகுதி மாநில அரசுகளிடம் ஒப்படைக்கப்பட்டதால், தமிழ்நாட்டில் காவல்துறையும் வருவாய்த்துறையுமே நடைமுறையில் அதைச் செயற்படுத்துகின்றன. இங்குதான் இந்திய நிலை அமெரிக்க நிலையிலிருந்து வேறுபடுகிறது. அரிசோனா மாநிலம் 2010இல் இயற்றிய சட்டம் குறித்த வழக்கில், கூட்டாட்சி அரசுக்குரிய குடியேற்ற அதிகாரத்தில் மாநிலக் காவலர் தலையிடலாமா என்பதே முதன்மைக் கேள்வியாக இருந்தது. 2012இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அச்சட்டத்தின் மூன்று பிரிவுகளை நீக்கிவிட்டு, பிடிபட்டவரின் குடியேற்ற நிலையைச் சரிபார்க்கும் பிரிவை மட்டும் அப்போதைக்கு நிலைக்க விட்டது. இந்தியாவில் காவலருக்கு அந்த அதிகாரம் உண்டு என்பதில் ஐயமில்லை. கேட்கப்படும் ஆவணத்தைப் பெறும் வழியே இல்லாத ஒருவர் எதைக் காட்டுவது என்பதே இங்கு எழும் கேள்வி.

வரலாற்றுப் பின்புலம்

மதுரை, இராமநாதபுரம், திருச்சிராப்பள்ளி வட்டாரங்களிலிருந்து பிரித்தானியர் காலத்தில் ஏராளமானோர் இலங்கையின் மலையகத் தோட்டங்களுக்குத் தொழிலாளராகச் சென்றனர். விடுதலைக்குப் பிந்தைய இலங்கையின் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. அதன் விளைவாக 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென்று முடிவாகியது. எஞ்சிய 1,50,000 பேரை இரு நாடுகளும் சமமாகப் பகிர்ந்துகொள்ள 1974இல் உடன்பட்டன. ஒப்பந்த நடைமுறை முற்றுப்பெறுமுன் இலங்கையில் தமிழருக்கு எதிரான 1983 ஜூலைக் கலவரம் வெடித்ததால், மலையகத் தமிழரில் ஒரு பகுதியினரும் வடக்கு, கிழக்கு மாகாணத் தமிழரோடு கடல் கடந்து அகதிகளாக வந்தனர்.

1983 முதல் 2012 வரை தமிழ்நாட்டுக்கு மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்தனர் என்று அரசுக் கணக்குகள் கூறுகின்றன. மண்டபம் முகாமில் பதிவு செய்யப்பட்டோர் பின்னர் மதுரை உள்ளிட்ட மாவட்டங்களின் முகாம்களுக்குப் பிரித்து அனுப்பப்பட்டனர். சொந்தச் செலவில் வெளியே குடியிருக்க விரும்பியோர் அந்தந்தக் காவல் நிலையத்தில் பதிவு செய்துகொண்டனர்.

தணிக்கை முறை

1991 மே 21 அன்று முன்னாள் பிரதமர் ராஜீவ் காந்தி திருப்பெரும்புதூரில் இலங்கையின் விடுதலைப் புலிகளால் கொல்லப்பட்ட பின்னர் கண்காணிப்பு கடுமையாகியது. நக்சலைட்டு இயக்கத்தைக் கண்காணிக்கத் தோன்றிய ‘கியூ’ பிரிவு காவல்துறை, முகாம்வாசிகளின் வருகை, வெளியூர்ப் பயணம், தொடர்புகள் ஆகியவற்றைக் கண்காணிக்கும் அமைப்பாகவும் இயங்கலாயிற்று. முகாம்களில் குடும்பத்தினர் அனைவரும் குறித்த நாளில் நேரில் நின்று பெயரை உறுதிசெய்ய வேண்டும். ‘செக்கிங்’ என்று முகாம்வாசிகள் வழங்கும் இத்தணிக்கையோடு மாதந்தோறும் தரப்படும் பணக்கொடையும் பிணைக்கப்பட்டிருந்ததால், ஒரு முறை வராமற்போனவர் உதவியை இழக்க நேரிட்டது. 1946ஆம் ஆண்டுச் சட்டத்தின் 3(2)(e) பிரிவின்கீழ் ஐயத்துக்குரியோரை அடைத்து வைக்கும் ‘சிறப்பு முகாம்கள்’ செங்கல்பட்டு, பூந்தமல்லி, திருச்சிராப்பள்ளி ஆகிய இடங்களில் செயற்பட்டன.

2016 மார்ச்சில் உச்சப்பட்டி முகாமில் வருகைப்பதிவு நடந்தபோது, மருத்துவமனையில் இருந்த மகனுக்குப் பதிவு மறுக்கப்பட்டதால் வருவாய்த்துறை அலுவலரோடு வாக்குவாதத்தில் ஈடுபட்ட அகதி ஒருவர், உயர் அழுத்த மின்கம்பத்தில் ஏறி உயிரிழந்தார். தணிக்கையைக் காவல்துறை மட்டுமின்றி வருவாய்த்துறையும் நடத்துகிறது என்பதும், அது பாதுகாப்பு நடவடிக்கையாக மட்டும் நில்லாமல் வாழ்வாதாரத்தையே தீர்மானிக்கிறது என்பதும் இந்நிகழ்வால் பொதுவெளியில் பேசப்பட்டன.

இருதரப்பு வாதங்கள்

தணிக்கையை ஆதரிப்போர், இராமேசுவரம் கடற்பகுதி இலங்கைக்கு மிக அருகில் இருப்பதையும், ஆள்கடத்தல், போதைப்பொருள் கடத்தல் வழக்குகளையும், ஆஸ்திரேலியா போன்ற நாடுகளுக்குப் படகில் செல்ல முயன்று ஏமாற்றப்படுவோரையும் சுட்டுகின்றனர். போலி ஆவணங்கள் வழியே இலங்கையர் சிலர் மதுரையில் இந்தியப் பாஸ்போர்ட் பெற்றதாக எழுந்து கியூ பிரிவால் விசாரிக்கப்பட்ட புகாரும் இவ்வாதத்துக்கு வலுச் சேர்த்தது. ஆனால் பாஸ்போர்ட்டுக்கு முன்னர் முகவரியைச் சரிபார்ப்பது காவல் நிலையமே என்பதால், அந்த விவகாரம் சரிபார்ப்பவரின் நேர்மையைப் பற்றிய கேள்வியையும் எழுப்பியது.

எதிர்ப்போரின் வாதம் வேறு. பல பத்தாண்டுகளாக ஒவ்வொரு தணிக்கையிலும் தவறாமல் முன்நின்றவரின் பெயர், முகவரி, குடும்ப விவரம் அனைத்தும் அரசின் பதிவேட்டிலேயே இருக்க, கடவுச்சீட்டின்றி வந்தவர் என்பதற்காகவே அவர் 2003ஆம் ஆண்டுத் திருத்தத்தால் குடியுரிமைச் சட்டத்தில் புகுத்தப்பட்ட ‘சட்டவிரோதக் குடியேறி’ என்னும் வரையறைக்குள் அடங்கிவிடுகிறார். அவர் நெடுங்காலம் இங்கு வாழ்ந்ததற்குத் தணிக்கைப் பதிவேடு மறுக்கவியலாத சான்று. எனினும் குடியுரிமைக்கு அது பயன்படுவதில்லை. 2019ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய நாடுகளிலிருந்து வந்த ஆறு சமயத்தவருக்கு மட்டும் விலக்களித்து இலங்கைத் தமிழரைச் சேர்க்காமல் விட்டது இக்குறையை மேலும் வெளிப்படுத்தியது.

நீதிமன்றங்கள்

1992இல் பழ. நெடுமாறனும் மருத்துவர் ச. இராமதாசும் தொடுத்த வழக்கில், அகதிகள் திருப்பியனுப்பப்படுவது அவர்களின் விருப்பப்படியானதா என்பது சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆராயப்பட்டது. 2004இல் தொடங்கப்பட்ட அந்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, 2019 ஜூன் 17 அன்று திருச்சிராப்பள்ளி முகாம்களைச் சேர்ந்த, இந்திய வம்சாவளியினரான 65 பேர் தொடர்பாக வழங்கிய தீர்ப்பு குறிப்பிடத்தக்கது. நெடுங்காலம் கண்காணிப்பின்கீழ் நாடற்றவராக வைத்திருப்பது, வாழ்வுரிமையை உறுதிசெய்யும் அரசமைப்பின் 21ஆம் உறுப்புக்கு முரணானது என்று கூறிய நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், குடியுரிமை கோரும் அவர்களின் விண்ணப்பங்களைப் பரிசீலிக்குமாறு மத்திய அரசுக்கு உத்தரவிட்டார். 2022இல் அதே கிளை, மண்டபம் முகாமில் 1986இல் பிறந்த பெண் ஒருவர் பிறப்பால் இந்தியர் என்று ஏற்றது. 1987 ஜூலை 1க்கு முன் இந்தியாவில் பிறந்தோருக்குப் பெற்றோரின் குடியுரிமை பொருட்டன்று என்பது சட்டம். அத்தேதிக்குப் பின் பிறந்த உடன்பிறந்தோருக்கு இவ்வுரிமை இல்லையாதலால், ஒரே குடும்பத்தில் மூத்தவர் குடிமகனாகவும் இளையவர் வெளிநாட்டவராகவும் இருக்க நேரிடலாம்.

உச்ச நீதிமன்றமோ 1955ஆம் ஆண்டு ஹான்ஸ் முல்லர் வழக்கு முதல், வெளிநாட்டவரை வெளியேற்றும் அரசின் அதிகாரம் வரம்பற்றது என்றே கருதி வந்துள்ளது. சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டத்தின்கீழ் தண்டனை பெற்ற இலங்கைத் தமிழர் ஒருவரின் மனுவை 2025 மே மாதத்தில் தள்ளுபடி செய்தபோதும், இந்தியாவில் குடியமரும் உரிமை குடிமக்களுக்கே உண்டு என்று அது வலியுறுத்தியது.

அண்மை மாற்றங்கள்

2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு 317.40 கோடி ரூபாய் மதிப்பிலான நலத்திட்டங்களை அறிவித்துப் பணக்கொடையை உயர்த்தியது. அகதிகள் முகாம்கள் ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்கள்’ என்று பெயர் மாற்றப்பட்டன. 2025 செப்டம்பர் 1 அன்று நடைமுறைக்கு வந்த குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டம், 1946ஆம் ஆண்டுச் சட்டம் உள்ளிட்ட நான்கு பழைய சட்டங்களை நீக்கியது. மெய்ப்பிக்கும் பொறுப்பைப் பழையபடியே தனிமனிதர்மீது வைத்த இச்சட்டம், பிடியாணையின்றிக் கைது செய்யும் அதிகாரத்தைத் தலைமைக் காவலர் நிலைவரை வழங்குகிறது. அதே வேளையில், 2015 ஜனவரி 9 வரை தஞ்சமடைந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழருக்கு, கடவுச்சீட்டு, விசா தொடர்பான தண்டனையிலிருந்து தனி ஆணை ஒன்று விலக்களித்தது.

இவ்விலக்கு தண்டனை குறித்த அச்சத்தை நீக்கியதேயன்றிக் குடியுரிமையை வழங்கவில்லை. மேலும், இலங்கையின் 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியால் படகேறி வந்து மண்டபம் முகாமில் தங்க வைக்கப்பட்டோர் இக்காலவரம்புக்கு வெளியே நிற்பதால், ஒரே வகை முகாமில் வாழும் இருவேறு காலத்தவரைச் சட்டம் இருவேறாக நடத்துகிறது.