சேவ் இல்லைன்னா க்ளோசர் இல்லையா?

இன்னைக்கு ஒரு எண்ணோட கதை.

2016 அக்டோபர் 4, டொராண்டோ. ப்ளூ ஜேஸ், பால்டிமோர் ஓரியோல்ஸ் மோதுற ஒரே ஒரு நாக் அவுட் ஆட்டம். தோத்தா வீட்டுக்குப் போக வேண்டியதுதான். 11-வது இன்னிங்ஸ், ஸ்கோர் 2-2. ஓரியோல்ஸோட க்ளோசர் ஸாக் பிரிட்டன். அதாவது, கடைசியில வந்து ஆட்டத்தை முடிச்சுத் தர்ற பிட்சர். நம்ம டெத் ஓவர் பவுலர் மாதிரின்னு வெச்சுக்கோங்க. அந்த சீசன்ல 47 சேவ் வாய்ப்பு, 47-லயும் வெற்றி.

ஆனா அன்னைக்கு அவர் களத்துக்கே வரலை. மேனேஜர் பக் ஷோவால்டர் அவரை விட்டுட்டு ஊபால்டோ ஹிமெனெஸை அனுப்பினார். எட்வின் என்கார்னசியோன் மூணு ரன் ஹோம் ரன் அடிச்சார். 5-2. சீசன் காலி.

ஏன் பிரிட்டன் வரலை? இதுக்கு பதில் 1959-ல் இருக்கு.

அந்த வருஷம் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியின் எல்ராய் ஃபேஸ், இடையில வந்து வீசும் பிட்சராகவே 18 வெற்றி, ஒரே ஒரு தோல்வின்னு முடிச்சார். எல்லாரும் கொண்டாடினாங்க. சிகாகோ பத்திரிகையாளர் ஜெரோம் ஹோல்ட்ஸ்மேனுக்கு மட்டும் ஒரு உறுத்தல். ஃபேஸ் சில ஆட்டங்களில் முன்னிலையைக் கோட்டை விடுவார், அப்புறம் அவரோட பேட்டர்கள் அடிச்சு ஜெயிக்க வைப்பாங்க, வெற்றி இவர் கணக்குல ஏறும். அப்போ காப்பாத்துனவனுக்குத் தனிக் கணக்கு வேணும்ல? அப்படிப் பிறந்ததுதான் 'சேவ்'. 1969-ல் அது அதிகாரபூர்வப் புள்ளிவிவரமாகவே ஆனது. இன்றைய விதி சுருக்கமா இதுதான்: மூணு ரன்னுக்கு மேல போகாத முன்னிலையோட வந்து, குறைஞ்சது ஒரு இன்னிங்ஸ் வீசி, ஆட்டத்தை ஜெயிச்சு முடிக்கணும். வேற சில வழிகளும் உண்டு.

நியாயமான கணக்குதான். ஆனா அளக்க வந்த கோல், ஆட்டத்தையே மாத்திடுச்சு. 1980-களின் கடைசியில், ஓக்லண்ட் மேனேஜர் டோனி லா ரூஸா, டென்னிஸ் எக்கர்ஸ்லியைப் பெரும்பாலும் ஒன்பதாவது இன்னிங்ஸுக்கு மட்டும் பயன்படுத்தினார். 1992-ல் எக்கர்ஸ்லிக்கு 51 சேவ், சை யங் விருது, எம்.வி.பி விருது. மத்த டீம்களும் அதே வழிக்கு வந்தாங்க.

இதோட ஒரு நம்பிக்கையும் ஒட்டிக்கிச்சு: "சேவ் இல்லாத நேரத்துல க்ளோசரை இறக்கினா சொதப்புவார், அவருக்கு அந்த வெறி வராது." ரொம்ப நாள் நானும் இதை நம்பினேன். ஆனா யோசிச்சுப் பாருங்க. அஞ்சு ரன் முன்னிலையில க்ளோசர் ஏன் வர்றார்? பல நேரம், நாலஞ்சு நாளா வீசாம கை மரத்துப் போயிருக்கும், சும்மா பழக்கத்துக்காக வர்றார். ஒரு ரன் போனாலும் கவலை இல்லைன்னு நேரா ஸ்ட்ரைக்கா வீசுவார், பேட்டரும் அடிப்பார். அதோட, அப்படிப்பட்ட இன்னிங்ஸ்கள் ஒரு சீசன்ல கொஞ்சம்தான். ரெண்டு மோசமான நாள் போதும், சராசரி நாறிடும். இதையெல்லாம் மனசோட பலவீனம்னு நாம படிச்சுக்கிட்டோம்.

இதே 2016 அக்டோபர்ல கிளீவ்லாண்ட் மேனேஜர் டெர்ரி ஃபிரான்கோனா நேர் எதிரா செஞ்சார். தன்னோட சிறந்த ரிலீவர் ஆண்ட்ரூ மில்லரை, சேவ் கணக்கைப் பார்க்காம, ஆட்டம் எங்க இறுகுதோ அங்க இறக்கினார். அஞ்சாவது இன்னிங்ஸா இருந்தாலும் சரி. அமெரிக்கன் லீக் இறுதித் தொடரின் சிறந்த வீரர் விருது மில்லருக்குத்தான். டீம் உலகத் தொடருக்கே போச்சு.

ஷோவால்டர் முன்னிலை வரட்டும்னு காத்திருந்தார். வெளியூர் மைதானத்துல ஸ்கோர் சமமா இருக்கும்போது க்ளோசரைப் பத்திரமா வைக்கிறதுதான் அன்றைய வழக்கம். அந்த முன்னிலை வரவே இல்லை. பிரிட்டன் கணக்குல அன்னைக்கு ஒரு ரன் கூட ஏறலை. தோத்தது டீம்தான்.