0.017 விநாடியில் நழுவிய தங்கம்: அந்தமான் வீரர் ஈசோ ஆல்பனும் இந்திய இளையோர் சைக்கிள் அணியும்

உலக சைக்கிள் பந்தய சாம்பியன்ஷிப் போட்டிகளில் இந்தியாவுக்கு முதல் பதக்கம் பெற்றுத் தந்தவர் அந்தமான் நிக்கோபார் தீவுகளைச் சேர்ந்த ஈசோ ஆல்பன். 2018 ஆகஸ்டில் சுவிட்சர்லாந்தின் ஏகிள் நகரில் நடைபெற்ற உலக இளையோர் டிராக் சைக்கிள் பந்தயப் போட்டியில், கெய்ரின் பிரிவில் அவர் வெள்ளிப் பதக்கம் வென்றார். அப்போது அவருக்கு வயது 17. தங்கம் வென்ற செக் குடியரசு வீரர் யாகுப் ஸ்டாஸ்ட்னிக்கும் அவருக்கும் இடையே இருந்த வித்தியாசம் 0.017 விநாடி மட்டுமே. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் சைக்கிள் அந்த நேரத்தில் கடக்கும் தூரம் 30 சென்டிமீட்டருக்கும் குறைவு. கஜகஸ்தான் வீரர் மூன்றாமிடம் பெற்றார்.

சரியாக ஓராண்டு கழித்து, 2019 ஆகஸ்டில் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் ஆன் டெர் ஓடர் நகரில் நடைபெற்ற அதே போட்டியில், ஈசோ இடம்பெற்ற இந்திய ஆடவர் அணி 'டீம் ஸ்பிரிண்ட்' பிரிவில் தங்கம் வென்றது. உலக சைக்கிள் பந்தய சாம்பியன்ஷிப்பில், எந்த வயதுப் பிரிவிலும், இந்தியா வென்ற முதல் தங்கம் அதுவே. ஒரு புதுமுக வீரரின் வெள்ளியில் தொடங்கி ஓர் அணியின் தங்கத்தில் முடிந்த அந்த ஓராண்டு, இந்திய சைக்கிள் பந்தயத்தின் திருப்புமுனையாகக் கருதப்படுகிறது. ஆயினும் இளையோர் பிரிவில் கிடைத்த அந்த முதலிடத்தை மூத்தோர் பிரிவில் எட்ட முடியவில்லை. இதற்கான காரணங்களைப் புரிந்துகொள்ள, இந்தப் பந்தயங்கள் எவ்வாறு நடைபெறுகின்றன என்பதை முதலில் அறிய வேண்டும்.

பிரேக் இல்லாத சைக்கிள்

டிராக் சைக்கிள் பந்தயங்கள் 'வெலோட்ரோம்' எனப்படும் நீள்வட்டத் தடத்தில் நடைபெறுகின்றன. ஒலிம்பிக் போன்ற பெரிய போட்டிகளுக்குத் தடத்தின் சுற்றளவு 250 மீட்டர். ஈசோ வெள்ளி வென்ற ஏகிள் நகரத் தடம் அதைவிடச் சிறியது. அதன் சுற்றளவு 200 மீட்டர். தரை மரப்பலகைகளால் ஆனது. வளைவுகளில் தடம் 40 பாகைக்கும் மேலாகச் சரிந்து, ஏறத்தாழ ஒரு சுவரைப் போல எழுந்து நிற்கும். மிகுந்த வேகத்தில் வரும் வீரர் வெளிப்புறமாகத் தூக்கி வீசப்படாமல் திரும்புவதற்கு இந்தச் சரிவே துணை புரிகிறது.

இப்பந்தயங்களுக்கான சைக்கிளில் பிரேக் கிடையாது. கியர் மாற்றும் வசதியும் இல்லை. பின்சக்கரம் சுழலும் வரை மிதிகட்டையும் சுழன்றுகொண்டே இருக்கும். காலை ஓய்வாக நிறுத்திவைக்க முடியாது. வேகத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் கால்களின் பணி. ஆகவே வெடித்தெழும் ஆற்றல், உடல் சமநிலை, நெருக்கடியில் பதறாத மனம் ஆகிய மூன்றும் ஒருங்கே அமைந்தவரே இதில் சிறக்க முடியும்.

மோட்டார் வண்டியின் பின்னே தொடங்கும் கெய்ரின்

கெய்ரின், ஜப்பானில் தோன்றிய பந்தயம். இரண்டாம் உலகப் போருக்குப் பின், 1948-ல் கொக்குரா நகரில் பணயப் பந்தயமாக இது தொடங்கப்பட்டது. 2000-ம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் ஆடவருக்கும், 2012 லண்டன் ஒலிம்பிக்கில் மகளிருக்கும் பதக்கப் பிரிவாகச் சேர்க்கப்பட்டது.

வீரர்கள் நிற்கும் வரிசை குலுக்கல் முறையில் முடிவாகும். தொடக்கத்தில் ஒரு சிறிய மோட்டார் வண்டி முன்னே செல்லும். அதை முந்த யாருக்கும் அனுமதி இல்லை. வண்டி படிப்படியாக வேகமெடுத்து மணிக்கு சுமார் 50 கிலோமீட்டரை எட்டியதும் தடத்தை விட்டு விலகிவிடும். 250 மீட்டர் தடத்தில், மொத்தம் உள்ள 6 சுற்றுகளில் எஞ்சிய 3 சுற்றுகள்தாம் உண்மையான போட்டி. முன்னால் செல்பவர் காற்றின் எதிர்ப்பைத் தாங்குகிறார். பின்னால் ஒட்டிச் செல்பவர் ஆற்றலைச் சேமிக்கிறார். ஆனால் பின்தங்கியே இருந்தால் வெளியேற இடைவெளி கிடைக்காமல் மற்றவர்களுக்கிடையே சிக்கிக்கொள்ள நேரிடும். எப்போது பதுங்குவது, எப்போது பாய்வது என்ற கணிப்பே வெற்றியைத் தீர்மானிக்கிறது. அனுபவம் மிகுந்த ஐரோப்பிய வீரர்களின் நடுவே 17 வயது இளைஞர் ஒருவர் 0.017 விநாடியில் தங்கத்தைத் தவறவிட்டதன் சிறப்பு இங்கேதான் விளங்குகிறது.

மூவர் ஓடும் ஒரே ஓட்டம்

2019-ல் தங்கம் தந்த டீம் ஸ்பிரிண்ட் வேறு வகையானது. அணிக்கு மூவர்; மூன்று சுற்றுகள். முதல் வீரர் முதல் சுற்றை வழிநடத்தி மேற்புறமாக விலகுவார். இரண்டாமவர் இரண்டாவது சுற்றை வழிநடத்தி விலகுவார். மூன்றாமவர் கடைசிச் சுற்றைத் தனியே ஓடி முடிப்பார். அவருடைய சக்கரம் கோட்டைத் தொடும் நேரமே அணியின் நேரம்.

முதல் வீரர் வேகமாகப் புறப்பட்டால் மட்டும் போதாது. அவர் மிக விரைந்து சென்றுவிட்டால் பின்னால் வருபவர்கள் அவர் தரும் காற்று மறைப்பை இழந்து, களைத்துப் போவார்கள். விலகுவதும் விதிகள் குறித்த எல்லைக்குள்ளேயே நடைபெற வேண்டும். முன்பின் ஆனால் அணியின் முடிவு பறிபோகும். எனவே தனித்தனியே சிறந்த மூவரைக் காட்டிலும், ஒருவரையொருவர் அறிந்த மூவர் இதில் வெல்வர்.

ஈசோ ஆல்பனுடன் மணிப்பூரைச் சேர்ந்த ரொனால்டோ சிங், ரோஜித் சிங், ஜேம்ஸ் சிங் ஆகியோர் அந்த அணியில் இடம்பெற்றிருந்தனர். தென்கிழக்கில் கடல் நடுவே உள்ள தீவுக்கூட்டமும், வடகிழக்கின் மலை மாநிலமும் இணைந்து அமைத்த அணி அது. அவர்கள் ஒன்றாகப் பயிற்சி பெற்ற இடம் டெல்லி. 2010 காமன்வெல்த் விளையாட்டுக்காக அங்குள்ள இந்திரா காந்தி விளையாட்டரங்க வளாகத்தில் அமைக்கப்பட்ட உள்ளரங்க மரத்தடத்தில், இந்திய விளையாட்டு ஆணையத்தின் தேசிய சைக்கிள் அகாடமி செயல்பட்டு வருகிறது. விளையாட்டு விழா முடிந்ததும் பயனற்றுக் கிடக்கும் அரங்கங்கள் நாட்டில் பல உண்டு. இந்தத் தடமோ, விழாவுக்குப் பின்னரே தனது உண்மையான பயனைத் தந்தது.

தீவுகளிலிருந்து டெல்லிக்கு

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அந்தமான் நிக்கோபார் தீவுகளின் மக்கள்தொகை 3,80,581. தமிழ்நாட்டின் ஒரு நடுத்தர நகரத்தின் அளவே இது. வங்காளம், இந்தி, தமிழ், தெலுங்கு, நிக்கோபாரி மொழிகளைப் பேசுவோர் இங்கு வாழ்கின்றனர். சென்னையிலிருந்து தலைநகர் ஸ்ரீ விஜயபுரம் (முன்னாள் போர்ட் பிளேர்) சுமார் 1,370 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. அங்கிருந்து கார் நிக்கோபார் தீவுக்கு மேலும் சுமார் 270 கிலோமீட்டர் கடல்வழி செல்ல வேண்டும். தென்னை மரங்கள் அடர்ந்த அந்தத் தீவு பெரும்பாலும் சமதளமானது.

இத்தீவுகளில் விளையாட்டில் திறன் காட்டும் சிறுவனோ சிறுமியோ தேசிய அளவில் உயர விரும்பினால், பள்ளிப் பருவத்திலேயே குடும்பத்தைப் பிரிந்து தலைநகர் செல்ல வேண்டியுள்ளது. மொழி, உணவு, குளிர் அனைத்தும் புதியவை. நினைத்தபோது வீடு திரும்பி வருவதும் எளிதல்ல. தீவுகளிலிருந்து வரும் ஒவ்வொரு பதக்கத்துக்கும் பின்னால் இந்தப் பிரிவு இருக்கிறது.

வழி திறந்த டெபோரா

அந்தப் பாதையில் ஈசோவுக்கு முன்னரே சென்றவர் டெபோரா ஹெரால்ட். 1995-ல் கார் நிக்கோபாரில் பிறந்த அவர், 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை தாக்கியபோது 9 வயதுச் சிறுமி. பல நாட்கள் ஒரு மரத்தைப் பற்றிக்கொண்டு உயிர் தப்பியவர். பின்னாளில் டெல்லி அகாடமியில் சேர்ந்த அவர், 2015-ல் மகளிர் 500 மீட்டர் டைம் டிரையல் பிரிவுக்கான சர்வதேச சைக்கிள் பந்தய ஒன்றியத்தின் தரவரிசையில் நான்காம் இடத்தை எட்டினார். அதுவரை இந்திய சைக்கிள் பந்தய வீரர் எவரும் எட்டாத உயரம் அது. தீவுகளின் இளைஞர்களுக்குச் சைக்கிள் பந்தயம் ஒரு வாழ்க்கைப் பாதையாகவும் அமையக்கூடும் என்பதை அவருடைய வெற்றி காட்டியது.

ஈசோவுக்குப் பின் வந்தவர் டேவிட் பெக்காம் எல்காதோசூங்கோ. இவரும் கார் நிக்கோபாரைச் சேர்ந்தவர், ஆழிப்பேரலையின்போது கைக்குழந்தை. இங்கிலாந்து கால்பந்து வீரரின் பெயர் இவருக்குச் சூட்டப்பட்டது. 2022 பர்மிங்காம் காமன்வெல்த் விளையாட்டில் ரொனால்டோ, ரோஜித், டேவிட் பெக்காம், ஈசோ ஆகியோர் இந்தியாவின் ஸ்பிரிண்ட் அணியில் இடம்பெற்றனர். கால்பந்து வீரர்களின் பெயர் தாங்கிய இருவர் சைக்கிள் அணியில் ஒன்றாக இருந்தது அப்போது பலரது கவனத்தையும் ஈர்த்தது.

முதலிடத்துக்கும் ஆறாமிடத்துக்கும் இடையே

அந்தக் காமன்வெல்த் போட்டியில் இந்திய டீம் ஸ்பிரிண்ட் அணி தகுதிச் சுற்றில் சுமார் 44.7 விநாடிகளில் ஓடி ஆறாம் இடம் பெற்றது. பதக்கச் சுற்றுக்குள் நுழைய முடியவில்லை. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் நெதர்லாந்து அணி இதே பிரிவில் 40.949 விநாடிகளில் ஓடி உலக சாதனை படைத்தது. இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 3.75 விநாடி. 60 கிலோமீட்டர் வேகத்தில் கணக்கிட்டால் அது 60 மீட்டரைத் தாண்டுகிறது. அதாவது ஒரு சுற்றின் கால் பங்கு. இளையோர் பிரிவில் சென்டிமீட்டரில் அளக்கப்பட்ட இடைவெளி, மூத்தோர் பிரிவில் மீட்டரில் அளக்கப்படுகிறது.

இதற்குக் காரணம் வீரர்களின் திறன் குறைந்ததல்ல. இளையோர் பிரிவு என்பது 17, 18 வயதினருக்கானது. ஸ்பிரிண்ட் வீரரின் தசை வலிமை இருபதுகளின் நடுவில்தான் உச்சம் பெறுகிறது. 18 வயதிலிருந்து 25 வயது வரையிலான அந்த ஏழு ஆண்டுகளில் முன்னணி நாடுகளின் வீரர்கள் ஆண்டுதோறும் பல சர்வதேசப் போட்டிகளில் பங்கேற்கின்றனர். வலிமைப் பயிற்சி, காற்றுச் சுரங்கச் சோதனை, மேம்பட்ட சைக்கிள்கள் ஆகியவற்றின் துணையையும் பெறுகின்றனர். 2019-ல் உலகை வென்ற இந்திய இளைஞர்கள் மூத்தோர் பிரிவுக்குள் நுழைந்த நேரத்தில்தான் கொரோனா பெருந்தொற்று போட்டிகளையும் பயணங்களையும் முடக்கியது.

முன்னேற்றம் முற்றிலும் நின்றுவிடவும் இல்லை. 2022 ஜூன் மாதம் டெல்லியில் நடைபெற்ற ஆசிய சாம்பியன்ஷிப்பில், மூத்தோருக்கான தனிநபர் ஸ்பிரிண்ட் பிரிவில் ரொனால்டோ வெள்ளி வென்றார். அப்பிரிவில் இந்தியர் ஒருவர் வெள்ளி வென்றது அதுவே முதன்முறை. அதே போட்டியில் இந்திய டீம் ஸ்பிரிண்ட் அணிக்கு வெண்கலம் கிடைத்தது.

முன்னுதாரணங்கள் சொல்வது என்ன?

வெப்பமண்டல நாடுகளிலிருந்து இந்த இடைவெளியைக் கடந்தவர்கள் உள்ளனர். மலேசியாவின் திரெங்கானு கடற்கரைப் பகுதியைச் சேர்ந்த அசிசுல்ஹஸ்னி அவாங் 2017-ல் கெய்ரின் உலக சாம்பியன் ஆனார். ரியோ ஒலிம்பிக்கில் வெண்கலமும் டோக்கியோ ஒலிம்பிக்கில் வெள்ளியும் வென்றார். அவர் பல ஆண்டுகள் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் தங்கிப் பயிற்சி பெற்றவர். கரீபியன் கடலில் உள்ள டிரினிடாட் டொபாகோ நாட்டின் நிக்கோலஸ் பால், 2019-ல் 200 மீட்டர் தூரத்தை 9.100 விநாடியில் கடந்து உலக சாதனை படைத்தார். ஈசோ வெள்ளி வென்ற அதே ஏகிள் நகரிலுள்ள உலக சைக்கிள் மையத்தில் பயிற்சி பெற்றவர் அவர். இருவரையும் உயர்த்தியது பிறந்த ஊரின் வசதிகளல்ல. இளையோர் பருவம் முடிந்த பின்னரும் தடைபடாமல் கிடைத்த உயர்தரப் பயிற்சி.

எட்டு இடங்கள், ஒரு கனவு

1964 டோக்கியோ ஒலிம்பிக்குக்குப் பிறகு இந்திய சைக்கிள் பந்தய வீரர் எவரும் ஒலிம்பிக்கில் பங்கேற்றதில்லை. பாரிஸ் ஒலிம்பிக்கில் ஆடவர் டீம் ஸ்பிரிண்ட் பிரிவில் உலகம் முழுவதற்குமாக 8 அணிகளுக்கே இடம் இருந்தது. உலக சாம்பியன்ஷிப், கண்டப் போட்டிகள், நேஷன்ஸ் கோப்பை ஆகியவற்றில் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் சேர்க்கும் புள்ளிகளே அந்த இடங்களை முடிவு செய்தன. ஒரு போட்டியில் திறமையாக ஓடினால் மட்டும் போதாது. எல்லாப் போட்டிகளுக்கும் அணியை அனுப்பும் நிதியும் திட்டமிடலும் தேவை.

ஈசோவும் அவருடைய தோழர்களும் இளையோர் உலகில் முதலிடம் பிடித்தபோது அவர்களுக்கு முன்னால் இருந்தது மூத்தோர் பருவத்தின் தொடக்கம். அடுத்ததாக அத்தகைய திறமையுடன் ஒருவர் கார் நிக்கோபாரிலிருந்தோ மணிப்பூரிலிருந்தோ வரும்போது, அவருடைய 19-வது வயதுக்குப் பின்னான ஆண்டுகளுக்கு நாடு என்ன வைத்திருக்கிறது என்பதைப் பொறுத்தே 60 மீட்டர் இடைவெளி குறைவதும் தொடர்வதும் அமையும்.