உளுத்த பயறும் விதைத் தோலும்

சம்பளம் போட்ட நாளில் வாங்கி, டின்னில் அடைத்து வைத்த பாசிப்பயற்றை இரண்டு மாதம் கழித்து முறத்தில் கொட்டுகிறோம். பயற்றுக்குப் பயறு வட்டமாக ஒரு துளை; பழுப்பு நிறத்துச் சிறு வண்டுகள் ஓடுகின்றன. "உளுத்துப் போய்விட்டது" என்று கோழிக்குப் போடுகிறோம். காசு போனது போனதுதான்.

இந்தப் பயறு வண்டு நேற்று வந்ததன்று. சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயசு 1758-இல் வெளியிட்ட நூலிலேயே இதன் ஓர் இனத்துக்குப் பெயர் சூட்டிவிட்டார். ஆனால், அது விதையை எப்படித் தேர்ந்தெடுக்கிறது என்பது விளங்க மேலும் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

வளர்ந்த வண்டு நம் பயற்றைத் தின்பதில்லை. தாய் வண்டு பயற்றின் தோல்மேல் முட்டையை ஒட்டவைக்கும். வெள்ளைப் புள்ளிபோல் தெரிவது அதுதான். முட்டையிலிருந்து வரும் புழு நேரே கீழே துளைத்து உள்ளே போய்விடும். உள்ளிருந்தே தின்று, நம் ஊர் வெப்பத்தில் ஏறக்குறைய ஒரு மாதத்தில் வண்டாகி வெளியே வரும். புழு வேறு பயற்றுக்கு மாறமுடியாது. ஆகவே தாய் தவறான விதையில் முட்டையிட்டால் பிள்ளைக்குப் பட்டினிதான்.

அதனால் தாய் வண்டு விதைத் தோலைக் காலாலும் உணர்கொம்பாலும் தடவிப் பார்க்கிறது. அங்கே அது எதைத் தேடுகிறது? ஜப்பானியர் விரும்பி உண்ணும் அசுக்கி என்ற சிவப்புப் பயற்றிலிருந்து இதற்கு விடை கிடைத்தது. ஒரு வண்டு முட்டையிட்ட பயற்றை மற்ற வண்டுகள் தவிர்ப்பதற்குக் காரணமான பொருளை ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் 1973-இல் பிரித்தெடுத்தார்கள். அது கொழுப்பும் கொழுப்பு அமிலமும் மெழுகு போன்ற பொருள்களும் கலந்த பூச்சு. 'இங்கே ஆள் இருக்கிறது' என்று தாய் வண்டு எழுதி வைத்த பலகை என்று சொல்லலாம். 1990-இல் இன்னொன்றும் தெரிந்தது. அசுக்கிப் பயற்றிலுள்ள கேட்டச்சின் என்ற துவர்ப்புப் பொருள் வண்டை முட்டையிடத் தூண்டுகிறது. வெற்றிலையோடு போடும் காசுக்கட்டியிலும், 19-ஆம் நூற்றாண்டில் சிங்கப்பூரிலும் ஜொகூரிலும் பயிரிட்ட காம்பிரிலும் உள்ள அதே பொருள்தான்!

இனி நம் பாட்டிமார் செய்ததைப் பார்ப்போம். தமிழ்நாட்டுக் கிராமங்களில் துவரையை நனைத்து, செம்மண் குழம்பில் புரட்டி, வெயிலில் உலர்த்தி வைப்பார்கள். 'செம்மண் கட்டுதல்' என்பது இதுதான். பயற்றுக்கு எண்ணெய் தடவுவதும் உண்டு. தோலையே வண்டின் காலுக்கு எட்டாமல் செய்துவிட்டார்கள் என்றே நமக்குத் தோன்றுகிறது. கேட்டச்சின் என்ற பெயரை அவர்கள் கேட்டதில்லை. கேட்க வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

எண்ணெயைத் தென் அமெரிக்காவின் கொலம்பியா நாட்டில் சோதித்துப் பார்த்தார்கள். 1978-இல் வெளிவந்த அந்த ஆய்வில், ஒரு கிலோ அவரையினப் பயற்றுக்கு 5 மில்லிலீட்டர் சமையல் எண்ணெய், அதாவது ஒரு தேக்கரண்டி, நல்ல காவலாக இருந்தது. எண்ணெய்ப் படலம் முட்டைக்குக் காற்றுப் போகும் வழியை அடைத்துவிடுகிறது என்று பின்னால் விளக்கம் சொன்னார்கள்.

ஆனால் நேயர்களே, ஏற்கெனவே உள்ளே புகுந்துவிட்ட புழுவை எண்ணெய் அவ்வளவாகத் தொடாது. அதனால்தான் வாங்கிய பயற்றை முதலில் நல்ல வெயிலில் காயவைத்து, சூடு ஆறிய பிறகே எண்ணெயில் புரட்டி டின்னில் போடுகிறார்கள்.