பகை மறந்த படலங்கள்

மட்டாஞ்சேரி என்றதும் மிளகும் கயிறும் நினைவுக்கு வரும். நமது வரலாறும் கயிற்றிலிருந்தே தொடங்குகிறது. மணவாளக்குறிச்சிக் கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் என்னும் தாது இருப்பதை 1909-இல் ஜெர்மானிய ரசாயன நிபுணர் ஷோம்பெர்க் கண்டார். அத்தாதுவிலிருந்து அருமண் தனிமங்களைப் பிரிக்கும் ஆலை, கொச்சிக்கு அருகே ஆலுவாவில் 1952-இல் நிறுவப்பெற்றது.

அருமண் தனிமங்கள் பலவும் வலிய காந்த இயல்பு உடையன. அவ்வியல்பு மீக்கடத்தலுக்குப் பகை என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. மீக்கடத்தலாவது யாது? 1911-இல் லைடன் நகரில் காமர்லிங் ஆனஸ், பாதரசத்தைப் பூஜ்யத்துக்குக் கீழே 269 டிகிரி சென்டிகிரேடு வரை குளிர்வித்தபோது அதன் மின்தடை அறவே மறைந்தது. எலெக்ட்ரான்கள் எதிரெதிர்ச் சுழற்சியுடன் இணையிணையாய்ச் செல்வதே காரணம் என்பது 1957-இல் விளங்கிற்று. காந்தமோ சுழற்சிகளை ஒரே திசைக்குத் திருப்ப முயல்வது. ஆகவே இணை பிரிந்துவிடும். லாந்தனத்தில் சிறிதளவு கடோலினியம் கலந்தாலே மீக்கடத்தல் குன்றுவதை 1958-இல் அமெரிக்காவில் மத்தியாஸ் குழுவினர் காட்டினர்.

இப்பகைக்கு வியப்பான விலக்கொன்றை நமது நாடும் உலகுக்கு அளித்தது. 1994-இல் பம்பாய் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் நாகராஜன் முதலானோர், இட்ரியம், நிக்கல், போரான், கரி ஆகியவற்றின் சேர்க்கையில் ஏறத்தாழ 12 கெல்வினில் மீக்கடத்தலைக் கண்டனர். இக்குடும்பப் பொருள்களில் நிக்கல்–போரான் படலமும் அருமண்–கரிப் படலமும் மாறிமாறி அடுக்கப்பட்டுள்ளன. இட்ரியத்துக்குப் பதிலாகக் காந்த இயல்புள்ள ஹோல்மியத்தை வைத்தால், 8 கெல்வின் அளவில் மீக்கடத்தல் தோன்றுகிறது; 5 கெல்வின் அளவில் தளர்கிறது; மேலும் குளிர்ந்தால் மீண்டும் உரம் பெறுகிறது. அந்நிலையில் ஒரு படலத்தின் காந்தங்கள் ஒரு திசையையும் அடுத்த படலத்தினவை எதிர்த்திசையையும் நோக்குவதால், அவற்றின் விளைவு ஈடாகிவிடுகிறது.

இன்று விஞ்ஞானிகள் ஒரு படி மேற்சென்று, காந்தத்தையே துணைகொள்ள முயல்கின்றனர். நியோபியம் டைசெலினைடு என்னும் மீக்கடத்தியின்மீது குரோமியம் புரோமைடின் ஒற்றைப் படலத்தைப் பரப்பி, அதன் விளிம்புகளில் இடவியல் மீக்கடத்தலின் அறிகுறிகளைக் கண்டதாகப் பின்லாந்தின் ஆல்ட்டோ பல்கலைக்கழகத்தார் 2020-இல் அறிவித்தனர். இரு முனைகளையும் சேர்த்துக் கட்டிய கயிற்றிலுள்ள முடிச்சு, எவ்வளவு இழுத்தாலும் அவிழாது; அறுத்தால்தான் அவிழும். இடவியல் நிலையும் சிறு குறைபாடுகளால் எளிதில் அழியாதது. 1937-இல் மயோரானா கருதிய துகளை ஒத்த நிலைகளை அங்கே பெறலாம் என்பதும், அவற்றால் பிழை குறைந்த குவாண்டம் கணிப்பொறி அமைக்கலாம் என்பதும் எதிர்பார்ப்பு. ஆயினும் அறிகுறி வேறு, நிரூபணம் வேறு. மெல்லிய கம்பிகளில் அத்தகைய நிலையைக் கண்டதாக 2018-இல் வெளிவந்த கட்டுரையொன்றை, 2021-இல் அதன் ஆசிரியர்களே திரும்பப் பெற்றனர். பரிசோதனையின் தீர்ப்புக்குத் தலைவணங்கும் அந்நேர்மையும் இவ்வரலாற்றின் ஒரு பகுதியே.