வயிறு பருத்த குழாய்: ஒரு சின்ன மோட்டார் சைக்கிளின் வரலாறு



வழக்கமாக இலக்கணம், பயிற்றுமுறை என்று எழுதிக்கொண்டிருப்பவன் இம்முறை மோட்டார் சைக்கிளைப் பற்றி எழுத வந்திருக்கிறேன். 'உந்துருளி' என்று எழுதவே எனக்கு விருப்பம். ஆயினும் நம் வீட்டுப் பிள்ளைகள் 'மோட்டார்' என்றுதானே சொல்கிறார்கள்! தமிழன்பர்கள் பொறுத்தருள்க.

நம் நாட்டுத் தாமான்களில் மாலை வேளையில் ஓர் ஓசை எழும். முதலில் தகரத்தைத் தட்டினாற்போல் இருக்கும். பிறகு திடீரென்று கூர்மையாகிக் கத்தியைச் சாணை பிடிப்பது போல் கீச்சிடும். பெரும்பாலும் அது ஆர்எக்ஸ்ஸெட்டாக இருக்கும். யமஹா நிறுவனம் 1985ஆம் ஆண்டு இங்கே அறிமுகப்படுத்தி, 2011 வரை உற்பத்தி செய்த வண்டி அது. துருப்பிடித்த பழைய வண்டியை வாங்கி, ஆணி ஆணியாகப் பிரித்து, புதிய பிஸ்டன் போட்டு, சாயம் பூசி மீண்டும் ஓடவைக்கும் இளைஞர்கள் இன்றும் இருக்கிறார்கள். அந்த ஓசை கேட்டதும் பெற்றோருக்கு வயிற்றைக் கலக்குகிறது. 'மாட் ரெம்பிட்' கூட்டத்தில் பிள்ளை சேர்ந்துவிட்டானோ என்ற அச்சம்! அந்த அச்சம் நியாயமானதே; அதை நான் குறைத்துப் பேசமாட்டேன்.

ஆனால் அவ்வண்டியின் அடியில் குனிந்து பார்த்திருக்கிறீர்களா? எஞ்சினிலிருந்து புறப்படும் புகைக்குழாய் நேராகப் போவதில்லை. மெலிதாகத் தொடங்கி, மெல்ல மெல்ல விரிந்து, நடுவில் வயிறு பருத்து, மீண்டும் சுருங்கி, குறுகிய வாலில் முடிகிறது. விரால் மீனைப் படுக்கவைத்தாற்போன்ற வடிவம். அவ்வடிவம் அழகுக்காக வந்ததன்று. அதற்குப் பின்னால் ஒரு போர், ஒரு மதில், ஒரு குடும்பத்தின் தப்பியோட்டம் ஆகிய மூன்றும் இருக்கின்றன.

கதை ஜெர்மனியின் சாக்சனி மாநிலத்தில் சோப்பாவ் என்னும் சிற்றூரில் தொடங்குகிறது. அங்கே டி.கே.டபிள்யூ. என்னும் தொழிற்சாலை இருந்தது. இரண்டாம் உலகப் போர் மூளும் தறுவாயில், 1939ஆம் ஆண்டு, ஹெர்மன் வேபர் என்னும் பொறியாளர் வடிவமைத்த ஆர்.டி.125 என்னும் சிறிய வண்டியை அத்தொழிற்சாலை வெளியிட்டது. 125 சிசி, டூ ஸ்ட்ரோக் எஞ்சின், 4.75 குதிரைத்திறன். வேலைக்குப் போய்வரும் எளிய மக்களுக்கான வண்டி. நம் ஊர்க் கப்சாய் போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

போரில் ஜெர்மனி தோற்றது. வென்றவர்கள் எதையெல்லாம் எடுத்துச் சென்றார்கள் என்பது பெரிய பட்டியல். அதில் இந்தச் சின்ன வண்டியின் வரைபடமும் ஒன்று. சோவியத் நாட்டில் அது 'மோஸ்க்வா' ஆயிற்று. இங்கிலாந்தில் 1948இல் பி.எஸ்.ஏ. 'பேண்டம்' ஆயிற்று. அமெரிக்காவில் ஹார்லி டேவிட்சன் நிறுவனமே அதைப் பார்த்து ஒரு 125 சிசி வண்டி செய்தது. போரில் வெல்லாத ஜப்பானும் சும்மா இருக்கவில்லை. இசைக்கருவி செய்துகொண்டிருந்த யமஹா, 1955இல் தன் முதல் மோட்டார் சைக்கிளை வெளியிட்டபோது, அதுவும் ஆர்.டி.125இன் சாயலில்தான் பிறந்தது. தேர்வு மண்டபத்தில் ஒரு மாணவனின் தாளை நான்கு மேசைகளில் பார்த்து எழுதியது போல! இதை இங்கேயே சொல்லிவைப்பதற்குக் காரணம் உண்டு. பின்னர் நடந்த ஒரு 'திருட்டை'ப் பற்றிப் பேசும்போது பலர் இந்த முன்கதையை மறந்துவிடுகிறார்கள்.

சோப்பாவ் கிழக்கு ஜெர்மனியின் பகுதியாயிற்று. தொழிற்சாலை அரசுடைமையாகி, 1956 முதல் எம்.இசட். என்னும் பெயர் பெற்றது. அதன் பந்தயப் பிரிவுக்கு 1953இல் தலைமை ஏற்றவர் வால்டர் காடன். 1919இல் பிறந்தவர், போர்க்காலத்தில் பீனமுண்டே ஆய்வுக்களத்தில் பணியாற்றியவர், போருக்குப் பின் மரவேலைத் தொழில் நடத்திக்கொண்டே, தனக்கென ஓர் ஆர்.டி.125ஐப் பிரித்துக் கட்டிப் பந்தயம் ஓட்டியவர். அதாவது நம் தாமான் இளைஞன் செய்வதைத்தான் அவரும் செய்தார்.

அவர் கையில் இருந்தவை என்ன? பழைய எஞ்சின், சிறிய பட்டறை, விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்கள். நல்ல உலோகக் கலவையும் நல்ல பேரிங்குகளும் அந்நாட்டில் எளிதில் கிடைக்கவில்லை. எதிரே நின்றவையோ இத்தாலியின் செல்வச் செழிப்புள்ள நிறுவனங்கள். சிறிது காலத்தில் ஹோண்டாவும் வந்து சேர்ந்தது. அவர்கள் எல்லாரும் நம்பியது ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினை. டூ ஸ்ட்ரோக் என்றால் புல்வெட்டும் இயந்திரத்துக்கு ஆகும் என்று ஏளனம் செய்த காலம் அது.

டூ ஸ்ட்ரோக்கின் குறை இதுதான். அதற்குத் திறந்து மூடும் வால்வுகள் இல்லை. சிலிண்டரின் சுவரிலேயே துளைகள் இருக்கும். பிஸ்டன் மேலும் கீழும் போகும்போது அவை மூடித் திறக்கும். புகை வெளியேறும் துளை திறந்திருக்கும் அதே நேரத்தில் புதிய பெட்ரோல் கலவையும் உள்ளே வருகிறது. வந்த கலவையில் ஒரு பங்கு எரியாமலே புகையோடு வெளியே ஓடிவிடும். ஓட்டைக் குடத்தில் நீர் நிரப்பும் வேலை!

காடன் அந்த ஓட்டையை அடைத்த விதத்தைத்தான் நான் வகுப்பில் சொல்ல விரும்புவேன். கதவு கொண்டு அவர் அடைக்கவில்லை; ஓசையைக் கொண்டு அடைத்தார். எஞ்சின் ஒவ்வொரு முறை வெடிக்கும்போதும் குழாயினுள் ஓர் அழுத்த அலை ஓடுகிறது. குழாய் விரியும் இடத்தை அது அடையும்போது, உறிஞ்சும் அலை ஒன்று எஞ்சினை நோக்கித் திரும்புகிறது. அது பழைய புகையை இழுத்து வெளியேற்றி, புதிய கலவையையும் மேலே இழுக்கிறது. முதல் அலை மேலும் ஓடி, குழாய் சுருங்கும் இடத்தில் மோதித் திரும்புகிறது. இம்முறை அது தள்ளும் அலை. வெளியே தப்பிய கலவையை, துளை மூடுவதற்குச் சற்று முன்னால், சிலிண்டருக்குள்ளேயே திணித்துவிடுகிறது. நிமிடத்துக்கு 10,000 சுற்று ஓடும் எஞ்சினில் ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம் ஒரு நொடியின் ஆயிரத்தில் ஆறு பங்கு. அதற்குள் அலை போய், மோதி, திரும்பி வந்தாக வேண்டும். குழாயின் நீளமோ சரிவோ சற்றுத் தவறினாலும் அலை முன்னதாகவோ பிந்தியோ வந்துவிடும்.

வயிறு பருத்த குழாயைக் காடனே முதலில் கண்டுபிடித்தார் என்று சொல்வது சரியன்று. மேற்கு ஜெர்மனிக்குப் பெயர்ந்த டி.கே.டபிள்யூ.வின் பந்தய வண்டிகளில் எரிஷ் வோல்ஃப் என்பவர் அத்தகைய குழாயை முன்பே பொருத்தியிருந்தார். பெட்ரோல் கலவையை உள்ளே விடும் சுழல் தட்டு வால்வைக் காடன் கற்றது டேனியல் சிம்மர்மன் என்னும் இன்னொருவரின் வண்டியைப் பார்த்து. காடனின் பெருமை வேறிடத்தில் இருக்கிறது. இவற்றை ஒன்றுசேர்த்து, கலவை ஏறுவதற்கு மூன்றாவதாக ஒரு துளையும் வைத்து, அலைக்காட்டிக் கருவியால் குழாயின் அதிர்வை அளந்து, வெட்டி ஒட்டி, வெட்டி ஒட்டி, ஆண்டுக்கணக்கில் செப்பனிட்டார். 1961ஆம் ஆண்டு அவருடைய 125 சிசி எஞ்சின் 25 குதிரைத்திறனைத் தந்தது. 4.75இல் தொடங்கிய குடும்பத்தில் பிறந்த பிள்ளை! லிட்டருக்கு 200 குதிரைத்திறன் என்னும் எல்லையை, காற்றைத் திணிக்கும் கருவி இல்லாமல் முதன்முதலில் தொட்ட எஞ்சின் அதுதான்.

இங்கே ஓர் இடைச்செருகல். சில பையன்கள் குழாயின் பின்பகுதியை அறுத்துவிடுகிறார்கள்; சத்தம் கூடினால் வேகமும் கூடும் என்பது அவர்கள் நம்பிக்கை. சுருங்கும் பகுதியை அறுத்தால் திரும்பிவரும் அலை போய்விடும்; அலை போனால் திறனும் போய்விடும். அவர்களைத் திட்டுவதற்குப் பதிலாக இதைச் சொல்லிப் பாருங்கள். நான் சொல்லியிருக்கிறேன், காது கொடுத்துக் கேட்கிறார்கள்.

அத்தகைய வண்டியை ஓட்டுவது எளிதன்று. அலை சரியாக வந்து சேரும் அந்தச் சிறிய சுற்று எல்லைக்குள் மட்டுமே எஞ்சினுக்கு உயிர் இருக்கும். கொஞ்சம் தணிந்தால் செத்த பாம்பு. ஆகவே ஓட்டுநர் ஓயாமல் கியர் மாற்றிக்கொண்டிருக்க வேண்டும். சூடு மிகுந்தால் பிஸ்டன் விரிந்து சிலிண்டரைக் கவ்விக்கொள்ளும். பின்சக்கரம் அப்படியே பூட்டிக்கொள்ளும். அதனால் இடக்கை விரல்கள் எந்நேரமும் கிளட்ச் பிடியில் காத்திருக்கும். ஓட்டி வந்ததும் ப்ளக்கைக் கழற்றி நிறம் பார்ப்பார்கள். வெளிறியிருந்தால் பெட்ரோல் போதவில்லை, கருத்திருந்தால் மிகுதி. ஓட்டுபவனும் செப்பனிடுபவனும் ஒருவரையொருவர் நம்பியே ஆகவேண்டிய தொழில் இது.

காடன் நம்பிய ஓட்டுநர்களுள் சிறந்தவர் எர்ன்ஸ்ட் டெக்னர். 1931இல் பிறந்தவர், பொறிநுட்பம் அறிந்தவர், பட்டறையிலும் காடனோடு வேலை செய்தவர். 1961இல் ஹோக்கன்ஹைம், சாக்சன்ரிங், மோன்சா ஆகிய மூன்று பந்தயங்களை வென்று உலக வெற்றியாளர் பட்டத்தை நெருங்கினார். ஆனால் அதே ஆண்டு ஆகஸ்டு 13ஆம் நாள் பெர்லினில் மதில் எழுப்பப்பட்டது. வெளிநாட்டுப் பந்தயங்களுக்கு டெக்னர் போகலாம். மனைவியும் பிள்ளைகளும் போக முடியாது. மேற்கே தம்மைவிட மெதுவாக ஓட்டுபவர்கள் வளமாக வாழ்வதை அவர் கண்ணால் கண்டவர். சுசுகி நிறுவனத்தாருடன் அவருக்கு அப்போதே பழக்கம் ஏற்பட்டிருந்தது. பந்தயக் களத்துக்குப் புதிதாக வந்து, தோல்விமேல் தோல்வி கண்டுகொண்டிருந்த நிறுவனம் அது.

செப்டம்பர் 17, சுவீடனின் கிறிஸ்டியான்ஸ்டாட் பந்தயம். டெக்னரின் எஞ்சின் பாதியில் நின்றது. அவர் அணிக்குத் திரும்பவில்லை. டென்மார்க் வழியாக மேற்கு ஜெர்மனியை அடைந்தார். அவர் மனைவியும் குழந்தைகளும் கார் ஒன்றின் பின்பெட்டியில் மறைத்து எல்லை கடத்தப்பட்டார்கள். கிழக்கு ஜெர்மனி அவருடைய ஓட்டுநர் உரிமத்தைப் பறித்ததால் அர்ஜென்டினாவில் நடந்த இறுதிப் பந்தயத்தில் அவர் கலந்துகொள்ள இயலவில்லை. ஹோண்டாவின் டாம் ஃபிலிஸ் 44 புள்ளிகளுடன் பட்டம் பெற்றார், டெக்னருக்கு 42. இரண்டே புள்ளிகள்! காடனுக்கு உலகப் பட்டம் அதன்பின் கிட்டவே இல்லை.

அந்தக் குளிர்காலம் டெக்னர் ஜப்பானின் ஹமமட்சு நகரில் இருந்தார். 1962இல் 50 சிசி பிரிவு முதன்முறையாக உலகப் போட்டியில் சேர்க்கப்பட்டது. ஐல் ஆஃப் மேனில் சுசுகியை ஓட்டி டெக்னர் வென்றார். ஆண்டிறுதியில் பட்டமும் அவருக்கே. டூ ஸ்ட்ரோக் வண்டி பெற்ற முதல் உலகப் பட்டம் அதுதான். பிறகு வெள்ளம்தான். 1964இல் யமஹா 250 சிசி பட்டத்தை டூ ஸ்ட்ரோக்கில் வென்றது. 1967இல் சுசுகியின் 50 சிசி வண்டிக்குப் பதினான்கு கியர்கள் இருந்தன. 1975இல் தொடங்கி 2001 வரை 500 சிசி பட்டம் ஆண்டுதோறும் டூ ஸ்ட்ரோக்குக்கே போயிற்று.

டெக்னர் திருடனா? ஆசிரியர் அறையில் இதைச் சொன்னபோது இரு கட்சி ஆயிற்று. அவர் கொண்டுபோனவற்றுள் காடனின் உழைப்பு இருந்தது, அதில் ஐயமில்லை. காடனோடு பட்டறையில் நின்று அவரே கற்றதும் இருந்தது. ஒருவன் தலைக்குள் இருக்கும் கல்வியில் எது ஆசானுடையது, எது மாணவனுடையது என்று எந்தச் சுங்கச்சாவடியில் பிரிப்பது? குடும்பத்தை மதிலுக்கு இப்பால் கொண்டுவந்ததற்காக நான் அவரைக் குறைசொல்லமாட்டேன். ஆனால் காடனிடம் ஒரு சொல் சொல்லிக்கொள்ளாமல் போனதை என்னால் எளிதாக ஏற்க முடியவில்லை. சொல்லியிருந்தால் காடனுக்கும் ஆபத்து வந்திருக்கும் என்றார் சக ஆசிரியை ஒருவர். அதற்கு என்னிடம் மறுமொழி இல்லை.

1963 நவம்பரில் சுசுகா பந்தயத்திடலில் டெக்னரின் வண்டி தீப்பிடித்தது. கடுமையாக வெந்த அவருக்குப் பலமுறை தோல் ஒட்டு அறுவை செய்யப்பட்டது. மீண்டு வந்து ஓட்டினார். பழைய டெக்னராக இல்லை. 1983இல், 51ஆவது வயதில், ஸ்பெயினுக்குரிய டெனரீஃப் தீவில் காலமானார். சுசுகாவில் ஃபார்முலா ஒன் பார்ப்பவர்கள் 'டெக்னர் வளைவு' என்று வர்ணனையாளர் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அவர் பெயர்தான் அது.

காடன் எங்கும் போகவில்லை. அதே சோப்பாவில், அதே பட்டறையில், தம் குழாய்களைச் செப்பனிட்டுக்கொண்டிருந்தார். ஜப்பானிய நிறுவனங்கள் அவர் வழியில் அவரையே தாண்டிச் சென்றதைக் கண்முன் கண்டார். 1996ஆம் ஆண்டு மார்ச்சு 3ஆம் நாள் மறைந்தார்.

உலகப் போட்டிக்காக 125 சிசி டூ ஸ்ட்ரோக் வண்டிகள் நம் செப்பாங்கில் கடைசி முறையாக ஓடியது 2011 அக்டோபரில். மறு ஆண்டு முதல் அப்பிரிவின் இடத்துக்கு ஃபோர் ஸ்ட்ரோக் வந்துவிட்டது. நம் ஆர்எக்ஸ்ஸெட்டின் உற்பத்தி நின்றதும் அதே 2011இல்தான்.